‘செட்’டுக்கு முப்பது அர்த்தம் மனப்பாடம் பண்ணணுமா?

5 மே 2025, மாலை

தங்கச்சிமடத்துல பன்னிரண்டாவது எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: “ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புல ‘செட்’ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் முப்பது அர்த்தம் எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. பத்துக்கு மேல மண்டையில நிக்கல. வேற வழி இருக்கா?”

மனப்பாடம் பண்ணாதீங்க தம்பி. அந்தப் பட்டியலை மூடி வைங்க.

நம்ம ‘அடி’யை எடுத்துக்குங்க. வெயில் அடிக்குது, காத்து அடிக்குது, காய்ச்சல் அடிக்குது, போன் அடிக்குது, படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், பய கண்ணடிக்கிறான். இதுல ஒண்ணையாவது நீங்க பட்டியல் போட்டுப் படிச்சீங்களா? காய்ச்சலுக்குப் பக்கத்துல வந்தா ஒரு அடி, பெயிண்ட்டுக்குப் பக்கத்துல வந்தா இன்னொரு அடி. பக்கத்துல நிக்கிற சொல்லுதான் அர்த்தத்தை முடிவு பண்ணுது. ஆங்கிலத்துல அடிக்கடி வர்ற சின்ன வினைச்சொல் எல்லாத்துக்கும் இதேதான் கதை.

அதனால நோட்டுல ‘செட்’டைத் தனியா எழுதாதீங்க. எப்பவும் ஜோடியா எழுதுங்க. அலாரத்தோட ஒரு வரி, வலையோட ஒரு வரி, சூரியனோட ஒரு வரி. பாம்பன்ல சாயந்திரம் வந்து என்கிட்ட ஆங்கிலம் படிக்கிறவங்களுக்கு இதைத்தான் சொல்றேன். படகுக்குப் போறவங்களும் உண்டு, மீன் கம்பெனியில கணக்கு எழுதுற பிள்ளைகளும் உண்டு. ஜோடியா எழுதினவங்களுக்கு மறக்குறதில்ல.

5 மே, இரவு

“அப்ப ‘செட்’டுக்குன்னு சொந்தமா ஒண்ணுமே இல்லையா?”ன்னு ஒரு அண்ணன் கேட்டிருக்கார். இருக்கு, ஒரு வேர் இருக்கு. ‘சிட்’னா உட்கார். ‘செட்’னா உட்கார வை. பழைய ஆங்கிலத்துல சிட்டன், செட்டன்னு ரெண்டும் ஜோடியா இருந்திருக்கு. ஜெர்மன்ல இன்னைக்கும் சிட்சன், செட்சன். நம்ம இரு – இருத்து, படு – படுத்து மாதிரி. அசையுற ஒண்ணை ஒரு இடத்துல இருத்துறதுதான் அடி அர்த்தம். இதை மட்டும் மனசுல வைங்க, மிச்சத்தை ஜோடி பாத்துக்கும்.

8 மே

தேவிபட்டினத்து நண்பர் சொல்றார், “ஆங்கிலத்துலயே அதிக அர்த்தம் உள்ள சொல் செட்தான், 430 அர்த்தம்.”

பழைய கணக்கு அது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோட இரண்டாம் பதிப்பு 1989-ல வந்தப்போ அதுல நீளமான பதிவு ‘செட்’. வெறும் வினைச்சொல்லுக்கு 430 பொருள், விளக்கத்துக்கு மட்டும் சுமார் 60,000 சொற்கள். அப்புறம் மூன்றாம் பதிப்புக்காக ‘எம்’ எழுத்துல இருந்து திருத்தத் தொடங்கினாங்க. 2000-ல ‘மேக்’ முந்திச்சு, 2007-ல ‘புட்’, 2011-ல ‘ரன்’. ரன்னுக்கு 645 பொருள் எண்ணியிருக்காங்க. 430-ம் 645-ம் வேற வேற காலத்துல வேற வேற ஆட்கள் எண்ணினது. ரெண்டையும் பக்கத்துல வச்சு யாரு பெரியவன்னு தீர்ப்பு சொல்றது சரியில்ல.

என்னை இழுக்கிறது அந்த எண்ணிக்கை இல்ல. செட், மேக், புட், ரன், நாலும் பிறமொழியில கடன் வாங்காத, ஆங்கிலத்தோட சொந்த வீட்டுச் சொல். அடுப்படியிலயும் வயல்லயும் புழங்கினது. புழங்கப் புழங்கத்தான் இத்தனை வேலை அதுங்க தலையில ஏறியிருக்கு. நம்ம அடி, பிடி, போடு, விடு, வை எல்லாம் அப்படித்தானே.

11 மே

‘வை’ன்னு எழுதினதும்தான் தோணுச்சு, இது தனியா எழுத வேண்டிய விஷயம்.

தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், விலை வைக்கிறோம், பணத்தை எடுத்து வைக்கிறோம். இந்த அஞ்சுக்கும் ஆங்கிலத்துல ‘செட்’ போட்டா சரியா உட்காரும். வேற ஊரு, வேற மொழி, எந்த உறவும் இல்ல. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே ஜோடிகள் பிறந்திருக்கு. எனக்கு இது பெரிய சந்தோஷம். வகுப்புல இதைச் சொன்னா, அதுவரைக்கும் ஆங்கிலம்னா மிரண்டு போய் உக்கார்ந்திருந்த ஆளுங்க முகம் மாறும்.

எங்க பிரியுதுன்னும் தெரிஞ்சிருக்கணும். குழம்பு வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், பேர் வைக்கிறோம், மீசை வைக்கிறோம். இதுல எதுலயும் செட் வராது. அந்தப் பக்கம், அவங்க சாப்பாட்டு மேசையை ‘செட்’ பண்றாங்க, நாம இலை போடுறோம். அவங்க சாதனையை ‘செட்’ பண்றாங்க, நாம படைக்கிறோம். அவங்க கேள்வித்தாளை ‘செட்’ பண்றாங்க, நம்ம வாத்தியார்மார் கேள்வித்தாள் எடுக்கிறாங்க.

14 மே

சூரியன் மறையுறதையும் ஆங்கிலத்துல ‘செட்’னுதான் சொல்றாங்க. “மறையுறதுக்கும் உட்கார வைக்கிறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?”னு கேட்டிருக்கீங்க.

சூரியன் தன் இருக்கைக்குப் போறான்னு அவங்க முன்னோர் நினைச்சிருக்காங்க. பழைய ஆங்கிலத்துல பொழுது சாயுறதுக்கு ‘செட்ல்கேங்’னு ஒரு சொல் உண்டு, இருக்கைக்குப் போறதுன்னு பொருள். நம்ம பக்கம் கிழவிங்க என்ன சொல்வாங்க? “பொழுதடையுறதுக்குள்ள வந்துரு.” பொழுது அடையுது. கோழியும் கூட்டுல அடையுது.

இன்னும் ஒண்ணு பாருங்க. முட்டை மேல கோழியை உட்கார வைக்கிறதை நாம அடை வைக்கிறதுன்னு சொல்றோம். ஆங்கிலத்துல அதுக்கும் ‘செட்’தான், கோழியை ‘செட்’ பண்றது. சூரியனுக்கும் கோழிக்கும் அவங்ககிட்ட ஒரே சொல், நம்மகிட்டயும் ஒரே சொல். முப்பது அர்த்தப் பட்டியல்ல இது ரெண்டும் ரெண்டு தனி வரியா, ஒட்டும் இல்லாம உறவும் இல்லாம கிடக்கும்.

17 மே

கீழக்கரை லாத்தா ஒருத்தவங்க எழுதியிருக்காங்க: “நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சி ஊத்துவோம். பாக்கெட்டுல ‘அன்டில் இட் செட்ஸ்’னு போட்டிருக்கும். எதை எங்க வைக்கச் சொல்றான்னு என் மவ கேக்குறா.”

எங்கயும் வைக்க வேண்டாம் லாத்தா, உறையுற வரைக்கும் விடுங்கன்னு அர்த்தம். இங்க யாரும் எதையும் செய்யல, அதுவா நடக்குது. தயிரும் அப்படித்தான், சிமெண்ட்டும் அப்படித்தான். தண்ணியா அலைஞ்சது ஒரு நிலையில உட்கார்ந்துடுது.

கடல்பாசிக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். அதுல உறைய வைக்கிற பொருளுக்கு அகார்னு பேரு, அது ஏறக்குறைய 35, 40 டிகிரிக்கு இறங்கினாலே உறைஞ்சிடும். திரும்ப உருகணும்னா 85 டிகிரி வரைக்கும் சூடு வேணும். அதனாலதான் நம்ம வெயில்லயும் தட்டுல அசையாம நிக்குது. அந்த அகார் நம்ம கடலோரத்து மரிக்கொழுந்துப் பாசியிலயும் கஞ்சிப்பாசியிலயும் இருக்கு. பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்குக் காலும் கையும் கிழிஞ்சு வர்ற சரக்கு அது. சொல்ல வந்தது வேற, இதைச் சொல்லாமப் போக மனசு வரல.

சிமெண்ட்டுக்கு ஒரு வார்த்தை. கொத்தனார் “செட் ஆயிருச்சு”ன்னு சொல்றது ஆங்கிலப் பொருள்லயே சரி. ஆனா செட் ஆகுறது வேற, கெட்டிப்படுறது வேற. சாதாரண சிமெண்ட் 30 நிமிஷத்துக்கு முன்னாடி இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள்ள முழுசா இறுகிடணும்னு இந்தியத் தர விதி இருக்கு. அதுதான் செட்டிங். பலம் ஏற அதுக்கப்புறம் வாரக்கணக்குல தண்ணி காட்டணும். ‘செட் ஆயிருச்சு’ன்னு நம்பி மறுநாளே பலகையைப் பிரிச்சு, சிலாப்பு விரிசல் ஓடினதை எங்க தெருவுல பாத்திருக்கேன்.

19 மே

சின்னக் குறிப்பு. இறந்தகாலத்துலயும் செட்தான். கட், புட், ஹிட், ஷட் கூட்டத்தைச் சேர்ந்தது. அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? ‘ஹி செட்ஸ்’னா இப்ப செய்யுறான், வழக்கமா செய்யுறான். ‘ஹி செட்’னு வாலில்லாம நின்னா செஞ்சு முடிச்சிட்டான். ‘ஐ’, ‘தே’ வந்தா இந்த அடையாளம் கிடைக்காது, முன்ன பின்ன வாக்கியத்தைத்தான் பாக்கணும்.

25 மே

நேத்து இந்திய வானிலை ஆய்வு மையம் கேரளாவுல தென்மேற்குப் பருவமழை ‘செட் இன்’ ஆயிருச்சுன்னு அறிவிச்சது. வழக்கமான தேதி ஜூன் 1, எட்டு நாள் முந்தி வந்திருக்கு. நம்ம பேப்பர்ல “தொடங்கியது”ன்னு போட்டாங்க. போட்டது சரி, ஆனா அந்த ‘இன்’னுக்குள்ள இன்னும் கொஞ்சம் சரக்கு இருக்கு.

ஒரு தூத்தல் விழுந்ததும் அவங்க இதைச் சொல்றதில்ல. மே 10-க்குப் பிறகு, குறிச்சு வச்ச 14 நிலையங்கள்ல குறைஞ்சது 60 சதவீத இடத்துல அடுத்தடுத்து ரெண்டு நாள் 2.5 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ மழை பதிவாகணும். மேல்காத்தும் அதுக்கு ஒத்து வரணும். இதெல்லாம் சேர்ந்தாத்தான் அறிவிப்பு. வந்தது, இனி இருக்கும்னு பாத்துட்டுச் சொல்ற சொல் அது. நாம “மழை பிடிச்சுக்கிச்சு”ன்னு சொல்றோமே, அதுக்கு ரொம்பக் கிட்ட. சும்மா பெஞ்ச மழைக்கு ‘செட் இன்’ போடாதீங்க. குளிர், நோய், அழுகல், விரக்தி எல்லாத்துக்கும் இது வரும். நல்ல விஷயத்துக்கு அபூர்வமாத்தான் வருது, கவனிச்சுப் பாருங்க.

இதுல இருந்து 5-ஆம் தேதி எழுதினதோட ஒண்ணு சேர்த்துக்கணும். பக்கத்துச் சொல்னா கூட வர்ற பெயர்ச்சொல் மட்டும் இல்ல. பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற இன், ஆஃப், அசைட், அப் எல்லாமும் ஜோடிக் கணக்குலதான்.

29 மே

மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில. ஜூன் 14 வரைக்கும் கையில நேரம் இருக்கிறதால கேள்வியும் நிறைய வருது. இன்னைக்குக் கடல் சம்பந்தமா ரெண்டு.

முதல்ல வலை. நாம வலை விடுறோம், வலை போடுறோம். ஆங்கிலத்துலயும் வலையைப் பொதுவா ‘செட்’ பண்றதுன்னு சொல்வாங்க. ஆனா மீன்வளப் புத்தகத்துல வலை வகையோட பேருல ‘செட்’ வந்தா குறிப்பான அர்த்தம். ரெண்டு முனையிலயும் கல்லோ நங்கூரமோ கட்டி, ஒரே இடத்துல அடியில நிக்க விடுற வலை அது. நம்ம நண்டுவலை அந்த வகை. நீரோட்டத்தோட போக விடுற வழிவலைக்கு ‘ட்ரிஃப்ட்’னு பேரு. திட்ட விண்ணப்பத்துல எந்த வலைன்னு ஒரு கட்டம் இருந்தா, ரெண்டையும் மாத்தி டிக் அடிச்சிடாதீங்க.

அடுத்தது இதைவிட முக்கியம். மாலுமிக் கணக்குல நீரோட்டத்துக்கே ஒரு ‘செட்’ இருக்கு. நீவாடு, அதான் நீரோட்டம், எந்தத் திசைக்குப் போகுதோ அதுதான் செட். எவ்வளவு வேகமாப் போகுதோ அது ட்ரிஃப்ட். மேல வலைக்குச் சொன்ன ட்ரிஃப்ட்ல இருந்து இது கொஞ்சம் விலகின அர்த்தம், ஜோடி மாறினதால.

குழப்பம் எங்க வருதுன்னா காத்துல. காத்துக்கு எப்பவும் வர்ற திசையைச் சொல்லித்தான் பேரு. வாடைன்னா வடக்கே இருந்து வர்றது, கச்சான்னா மேற்கே இருந்து வர்றது. இது நமக்கும் அவங்களுக்கும் பொது. நீரோட்டத்துக்கு அவங்க சொல்றது போற திசையை. காத்து 45 டிகிரின்னு எழுதியிருந்தா அது வடகிழக்குல இருந்து வருது. நீரோட்டம் செட் 45 டிகிரின்னு எழுதியிருந்தா அது வடகிழக்குக்குப் போகுது. எண் ஒண்ணு, திசை நேர் எதிர். ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு முட்டுற நாள் அது. காத்தும் நீரும் முட்டினா அலை கிட்டக் கிட்ட எழும்பிச் செங்குத்தா நிக்கும்னு பாம்பன் ஆளுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல. எண்ணைப் பாத்து அதைக் கண்டுபிடிக்கலாம்கிறதைத்தான் சொல்றேன்.

பாம்பன் கால்வாய்ல ஓட்டம் பருவத்துக்குப் பருவம் திரும்புதே, அதை எழுத்துல பழகலாம். வாடைக் காலத்துல வடகடல்ல இருந்து தென்கடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுல இருந்து மன்னார் வளைகுடாவுக்கு. அப்ப செட் தெற்கு. கச்சான் காலத்துல செட் வடக்கு. பெரியவங்க வாயால சொல்லி அறிஞ்சதை நீங்க வரைபடத்துலயும் படிக்க முடியும். ரெண்டும் தெரிஞ்ச பிள்ளைகள் இந்தக் கரையில வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

2 ஜூன்

தொண்டிப் பக்கத்துல இருந்து ஒருத்தர் கோர்ட் காகிதத்தைப் பத்திக் கேட்டிருக்கார். இதை நிறுத்தி நிதானமாப் படிங்க, இங்க அர்த்தம் தப்பினா இழப்பு பெருசு.

நிலத் தகராறு. மேல்கோர்ட் உத்தரவுல கீழ்கோர்ட் தீர்ப்பு ‘செட் அசைட்’னு இருக்கு. அகராதியைப் பாத்திருக்காங்க, ‘ஒதுக்கி வை, எடுத்து வை’ன்னு போட்டிருக்கு. சரி, கேஸை ஒதுக்கி வச்சிருக்காங்க, பெறகு எடுப்பாங்கன்னு வீட்டுல எல்லாரும் இருந்துட்டாங்க.

அண்ணே, தீர்ப்பு ‘செட் அசைட்’னா அந்தத் தீர்ப்பு ரத்து. இனி அது செல்லாது. பணம் ‘செட் அசைட்’னா எடுத்து வைக்கிறது, தீர்ப்பு ‘செட் அசைட்’னா ரத்து பண்றது. பக்கத்துச் சொல் மாறிச்சு, அர்த்தம் தலைகீழாப் போச்சு. தற்காலிகமா நிறுத்தி வைக்கிறதுக்கு ‘ஸ்டே’. தீர்ப்பைப் பின்னால சொல்றோம்னு தள்ளி வைக்கிறதுக்கு ‘ரிசர்வ்டு’. இந்த மூணையும் கலக்கக் கூடாது. ‘செட் அசைட்’டுக்குப் பின்னாடியே ‘ரிமிட்டட்’ அல்லது ‘ரிமாண்டட்’னு இருந்தா, ரத்து பண்ணி மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழ அனுப்பியிருக்காங்கன்னு அர்த்தம். அடுத்த மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, வக்கீலை உடனே பாருங்க.

‘செட் ஆஃப்’ இதைவிடத் தொல்லை. பயணம் ‘செட் ஆஃப்’னா கிளம்புறது. வெடி ‘செட் ஆஃப்’னா வெடிக்க வைக்கிறது. கணக்குல ‘செட் ஆஃப்’னா வரவையும் கடனையும் நேர் பண்ணிக் கழிக்கிறது. எங்க பக்கத்து வீட்டு அக்காவோட சேமிப்புக் கணக்குல வந்த தொகை காணோம்னு பாஸ்புக்கைக் கொண்டாந்தாங்க. வரிக்குப் பக்கத்துல ‘செட் ஆஃப்’னு அடிச்சிருந்தது. பழைய கடன் பாக்கிக்கு வங்கி கழிச்சிருக்கு. திருட்டு இல்ல, பிழையும் இல்ல. அப்படிக் கழிச்சுக்கிற உரிமை வங்கிக்குப் பொதுவா உண்டு. ஆனா யாருமே அதை அந்த அக்காவுக்குத் தமிழ்ல ஒரு வரி சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல. கையெழுத்து வாங்கும்போது தமிழ் வருது, கழிக்கும்போது வரலையா?

3 ஜூன்

நேத்தைய குறிப்புக்கு ஒரு ஒட்டு. குற்றவியல் சட்டத்துலயும் ‘செட் ஆஃப்’ இருக்கு. விசாரணைக் காலத்துல ஜெயில்ல இருந்த நாளை, தீர்ப்புல குடுத்த சிறைத் தண்டனையில கழிக்கிறது. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 428-ஆம் பிரிவு. 1 ஜூலை 2024 முதல் அமல்ல இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 468-ஆம் பிரிவு. உள்ள இருக்கிறவங்க குடும்பம் இந்த ஒரு சொல்லைத் தெரிஞ்சு வச்சிருந்தா, எப்ப வெளிய வருவாங்கன்னு அவங்களே கணக்குப் போடலாம்.

7 ஜூன்

“செட் ஆகல”ன்னு நாம தினம் சொல்றோமே, அதை ஆங்கிலத்துல எப்படிச் சொல்றதுன்னு நாலஞ்சு பேர் கேட்டாச்சு.

அந்த வேலை எனக்கு செட் ஆகல, அந்த ஊர் செட் ஆகல, மாப்பிள்ளை வீட்டோட செட் ஆகல. இது நாம உண்டாக்கின பொருள், தமிழ்ச் சொல்லாவே ஆயிருச்சு, தமிழ்ல தாராளமாப் பேசுங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதுற கடிதத்துல மட்டும் ‘செட்’ போட்டா அவனுக்குப் புரியாது. அங்க ‘சூட்’னு எழுதுங்க.

இன்னொண்ணு. பம்புசெட், டிவி செட், “அவன் எங்க செட்டு”, ரெண்டு மூணா அடுக்கி வர்ற செட் தோசை, இதெல்லாம் பெயர்ச்சொல். தொகுப்புங்கிற இந்த செட் வேற வழியா வந்தது. பிரெஞ்சு ‘செட்’, அதுக்கும் பின்னாடி லத்தீன் ‘செக்டா’. போகப் போக வினைச்சொல்லோட கலந்து போச்சு. அதனால தோசைக்கும் சூரியனுக்கும் முடிச்சுப் போட்டு மண்டையை உடைச்சுக்காதீங்க.

13 ஜூன்

தங்கச்சிமடத்துத் தம்பி ஜோடி நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கார். நல்லா வந்திருக்கு. வலை வரியில ‘செட்ஸ்’னு எழுதியிருக்கீங்க, நேத்து விட்ட வலைன்னா வாலை வெட்டுங்க. கடைசியில ஒரு கேள்வி: “அப்செட்டும் இந்தக் குடும்பமா?”

ஆமா. 15-ஆம் நூற்றாண்டுல ‘அப்செட்’னா நிமிர்த்தி நிறுத்துறது. மேல ‘செட்’ பண்றது, அவ்வளவுதான். கவிழ்க்கிறதுங்கிற பொருள் பின்னாடி வந்து, முந்தினதைத் துரத்திருச்சு. இப்ப மனசு கவிழ்ந்தாலும் அப்செட், தோணி கவிழ்ந்தாலும் அப்செட்.

ஆனா பழைய பொருள் ஒரு இடத்துல இன்னும் உயிரோட இருக்கு. ஏல அறிவிப்புல ‘அப்செட் பிரைஸ்’னு போட்டிருக்கும். வருத்தமும் இல்ல, கவிழ்றதும் இல்ல. இதுக்குக் கீழ குடுக்க மாட்டோம்னு முதல்லயே நிறுத்தி வச்ச விலை. பழைய படகு, இன்ஜின் ஏலத்துக்கு வந்தா அந்த எண்ணைப் பாத்துட்டு, அதுக்குக் குறையாமத்தான் கேக்கணும்.